காருக்குக் கிளே பார் வாங்கும்போது மைல்டு, மீடியம், ஹெவி என்ற மூன்றில் எதை எடுப்பது?

மயிலாடுதுறை சந்திப்புக்கு அருகில் குடியிருப்பதாகவும், ஐந்து ஆண்டு ஓடிய சாம்பல் நிறக் காரை எத்தனை முறை கழுவினாலும் பானெட்டில் கை வைத்தால் சொரசொரப்பாகவே இருப்பதாகவும், கழுவியும் போகாத அழுக்கை வழித்தெடுக்கும் பிசின் கட்டியான கிளே பாரில், அழுக்கு அதிகமாக இருப்பதால் ஹெவி ரகத்தையே வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மைல்டு, அதாவது ஃபைன் என்று அச்சிட்டிருக்கும் ரகத்தில் 100 கிராம் கட்டி ஒன்று உங்களுக்குப் போதும். அதற்கு முன்பாக வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிளே பார் பெயரில் மட்டுமே களிமண். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து முதன்முதலாக அதைப் பிசைந்துகொண்டிருந்தபோது, குறுவைக்கு நாற்று விட்டுவிட்டு வந்த பெரியப்பா, "இதுக்கா காசு குடுத்த? அரசலாத்துல வண்டி வண்டியாக் கெடக்கே" என்றார். ஆற்றுக் களியில் மணல் இருக்கும். அதைத் தேய்த்தால் காரில் பெயிண்ட் மிஞ்சாது. இது பாலிபியூட்டீன் போன்ற செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்களைக் கலந்து செய்யப்படுவது. ஜப்பானியரான தடாவோ கொடாடே இதற்கு 1990களில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். சோப்புத் தண்ணீர் விட்ட பரப்பின் மேல் இது வழுக்கிக்கொண்டு போகும்போது, பெயிண்டில் ஒட்டிக்கொண்டு மேலே துருத்தி நிற்பவற்றை மட்டும் வழித்து எடுத்துத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. ரகங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு அந்தத் துகள்களின் அளவிலும் அடர்த்தியிலும் இருக்கிறது. கட்டியின் நிறத்தை வைத்து ரகத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு நிறுவனத்தின் நீலம் மைல்டாக இருக்கும், இன்னொன்றின் நீலம் மீடியமாக இருக்கும்.

பெயிண்டுக்கு மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் சுமார் 35 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. ஹெவி ரகம் அதில் மெல்லிய கீறல்களை உண்டாக்கி மங்கலாக்கிவிடும் என்பது ஏறத்தாழ நிச்சயம். அதன் பிறகு மெஷின் பாலிஷ் போட்டே தீர வேண்டும், ஒவ்வொரு பாலிஷுக்கும் கிளியர் கோட் இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே பாலிஷ் மெஷினைக் கையில் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு உரிய ரகம் அது.

அழுக்கு எவ்வளவு என்பதைவிட, எந்த அழுக்கு என்பதே ரகத்தை முடிவு செய்கிறது. நம் டெல்டாவில் இந்தக் கேள்விக்குப் பல விடைகள் உண்டு. ரயில் நிலையத்துக்கு அருகில் நிற்கும் காரில் முதல் சந்தேகம் இரும்புத் தூளின் மேல்தான். சக்கரமும் தண்டவாளமும் உராயும்போது தெறிக்கும் நுண்ணிய இரும்பு, பெயிண்டில் பதிந்து துருப்பிடித்துக் குத்தி நிற்கும். வெள்ளைக் காராக இருந்தால் செம்பழுப்புப் புள்ளிகளாகக் கண்ணுக்கே தெரியும், உங்கள் சாம்பல் நிறத்தில் தெரியாது, கைக்கு மட்டும் தட்டுப்படும். முன்பாக வாங்க வேண்டியது என்று சொன்னது இதற்கான அயர்ன் ரிமூவர். தையோகிளைகோலேட் உப்பு கலந்த அந்தத் திரவத்தைத் தெளித்தால், இரும்பு இருக்குமிடமெல்லாம் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். முட்டை அழுகிய நாற்றமும் வரும், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். உலரவிடாமல் கழுவிவிட்டால் சொரசொரப்பில் பெரும்பகுதி அப்போதே போய்விடும், மிச்சத்துக்கு மைல்டு போதும். இதைச் செய்யாமல் நேராகக் கிளே போட்டால், பிடுங்கிய இரும்புத் துணுக்குகளையே கட்டியில் வைத்துக்கொண்டு கார் முழுவதும் இழுப்பதாகிவிடும்.

புதிதாகப் போட்ட சாலையில் ஓடிக் கதவின் கீழ்ப்பகுதியில் ஒட்டிய தாருக்குத் தார் ரிமூவர் உண்டு. கிளேயால் தேய்த்தால் தார் கட்டி முழுவதும் பூசிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் இரவுப் பயணம் போனால் முகப்பு விளக்கைச் சுற்றி அப்பிக்கொள்ளும் பச்சைத் தத்துப்பூச்சிகளை ஈரத்துணியில் கால் மணி நேரம் ஊறவிட்டாலே வந்துவிடும். அரிசி ஆலைப் பக்கம் நிறுத்தினால் படியும் உமிச் சாம்பலைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டும். அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா. அது ஒட்டுவதில்லை, சும்மா படிந்துதான் கிடக்கும், ஆனால் அதன் மேல் உலர்ந்த துணியையோ கிளேயையோ வைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததற்குச் சமம். தண்ணீரைப் பீய்ச்சி அதை முற்றிலும் இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உவர்ப்பான போர் தண்ணீர் உலர்ந்து விட்டுப்போகும் வெள்ளை வளையங்களோ எந்த ரகக் கிளேக்கும் முழுமையாக அசையாது. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, உடனே கழுவிவிடுவது நல்லது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் செய்யலாமா என்று கேட்பதைப் போன்ற தவற்றை நான் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறேன் என்பதுதான். கருநீலக் கார், வேலை சீக்கிரம் முடியும் என்று மீடியம் கட்டி, மாசி மாதத்துப் பகல் பதினொரு மணி வெயில். தகடு சூடாக இருந்ததால் கட்டி இளகிப் பானெட்டில் இழுவிக்கொண்டது. அதை அழுத்தித் தேய்த்து எடுத்தேன். மாலையில் சாய்வெளிச்சத்தில் பார்த்தபோது பானெட் முழுவதும் பனி படர்ந்ததுபோல் மங்கிக் கிடந்தது. அதைச் சரிசெய்யக் கொடுத்த பாலிஷ் கூலியில் நான்கு கிளே கட்டி வாங்கியிருக்கலாம். அடர்நிறக் கார்களில் இது உடனே தெரியும். சாம்பல் நிறத்தில் மறைந்திருக்கும், ஆனால் கீறல் இல்லாமல் போய்விடாது.

கழுவி, அயர்ன் ரிமூவர் போட்டு, மறுபடி கழுவிய பின், மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு ஈரமான பெயிண்டின் மேல் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத குருணைகூடப் பையின் வழியாகத் தெரியும். வழவழப்பாக இருக்கும் தகட்டுக்குக் கிளே தேவையே இல்லை. குருணை தட்டுப்படும் இடத்தில், கண்ணில் படாத ஓரமாக ஒரு சாண் அகலத்தைத் தேர்ந்தெடுத்து, மைல்டு கட்டியில் கால்பங்கைக் கிள்ளி வடை தட்டுவதுபோல் தட்டி, கார் ஷாம்பு சில சொட்டு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பித்தால் அந்த ரகம் போதும் என்று பொருள். பத்துப் பதினைந்து முறை ஓட்டியும் குருணை அசையாவிட்டால்தான், அதே இடத்தில் மட்டும் மீடியத்தை முயல வேண்டும். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தபோது பறந்து வந்து படிந்த துளிகள், மாதக்கணக்கில் ஊறிப்போன மரப்பிசின் ஆகிய இரண்டுக்கும்தான் எனக்கு மீடியம் தேவைப்பட்டிருக்கிறது. கண்ணாடி பெயிண்டைவிட மிகக் கடினமானது என்பதால் அதில் மீடியத்தைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

வெயில் ஏறுவதற்கு முன் காலையில், நிழலில் செய்யுங்கள். சித்திரையில் கட்டியைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வைத்தால்தான் இளகாது. பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் காரில் கிளேயே கூடாது. கட்டி கறுத்தால் மடித்துப் புதிய முகத்தை வெளியே கொண்டுவரலாம், ஆனால் தரையில் விழுந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும். கால்பங்காகக் கிள்ளச் சொன்னது அதற்காகத்தான். கிளே, பெயிண்டின் மேல் பூசியிருக்கும் பழைய வேக்ஸையும் (மெழுகு) சேர்த்து எடுத்துவிடும் என்பதால் அன்றைக்கே புதிய வேக்ஸ் போட்டுவிடுங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கார் நிற்கப்போகிறது என்றால் அயர்ன் ரிமூவரை ஆண்டுக்கு இரண்டு முறையும், கிளேயை சம்பா அறுவடைத் தூசி அடங்கிய பிறகு ஒரே ஒரு முறையும் போட்டால் போதும். அப்படிப் பயன்படுத்தினால் 100 கிராம் கட்டி இரண்டு ஆண்டுக்கு வரும்.