குதிரை வயிற்று வலியில் புரள்கிறது, நல்லெண்ணெயும் பெருங்காயமும் வாயில் ஊற்றலாமா?

வேண்டாம். நல்லெண்ணெய், பெருங்காயத் தண்ணீர், சோடா, கஷாயம் எதையுமே வாயில் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் மருத்துவர் வந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

காலையிலிருந்து தரையைக் காலால் பறிக்கிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, லத்தி போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். தொட்டியிலிருக்கும் தீனியை எடுத்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அவர் வருவதற்குள், இடது முன்னங்காலின் மேலே இருக்கும் முழங்கை மூட்டுக்குப் பின்னால் நெஞ்சில் கையை வைத்து இதயத் துடிப்பை எண்ணுங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் அவரிடம் அந்த எண்ணைச் சொல்லி அவசரம் என்று சொல்லுங்கள். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கருஞ்சிவப்பாகவோ நீலம் பாரித்தோ இருந்தால் நேரமே இல்லை. பலமாகப் புரண்டால் கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்தலாம். மணிக்கணக்கில் ஓட்டிக் களைக்க வைக்கக் கூடாது. வலி ஊசி கையில் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். வலி மறைந்துவிடும், உள்ளே திருகிய குடல் திருகியபடியேதான் இருக்கும்.

சரி, ஏன் ஊற்றக் கூடாது என்று சொல்கிறேன். நான் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன், இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிற இடம்.

பவானிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய கத்தியவாரி இனப் பெண் குதிரை ஒன்று இருந்தது. கோடைக் காலம். சாயங்காலம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். "காத்தாலிருந்து ரெண்டு தடவ நல்லெண்ண ஊத்திட்டனுங்க சார், அப்பவும் படுத்துப் படுத்து எந்திரிக்குதுங்க" என்றார் உரிமையாளர். தலையை அண்ணாந்து பிடித்து மூங்கில் குழாயை வாயில் விட்டு ஊற்றியிருக்கிறார்கள். நான் போனபோது குதிரை இருமிக்கொண்டிருந்தது. மூக்கருகே முகத்தை வைத்தால் எண்ணெய் வாசம்.

ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்த்தபோது பெருங்குடலில் தீனி இறுகி அடைத்திருந்தது தெரிந்தது. குதிரையின் பெருங்குடல் இடுப்புப் பக்கம் வந்ததும் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவு போலச் சட்டென்று திரும்பிக் குறுகும். பெரும்பாலான அடைப்பு அங்கேதான் வரும். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, உள்ளே நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு பேதி உப்புக் கரைத்த தண்ணீரும் திரவ பாரஃபினும் கொடுத்தேன். நரம்பில் குளுக்கோஸ் அல்ல, உப்பு நீர் ஏற்றினேன். விடிவதற்குள் லத்தி இளகி வந்துவிட்டது. வீட்டில் சூடம் கொளுத்திக் கும்பிட்டார்கள்.

வயிறு சரியானது. குதிரை பிழைக்கவில்லை. வயிறு சரியான பிறகு காய்ச்சல் ஏறியது, மூச்சு வாங்கியது, மூக்கில் நாற்றத்தோடு சளி வழிந்தது. நுரையீரலுக்குள் எண்ணெய் போயிருந்தது. பென்சிலின், ஜென்டாமைசின், மெட்ரோனிடசோல் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். எண்ணெய் இறங்கிய நுரையீரலை எந்த மருந்தாலும் கழுவ முடியாது. வந்த நோயில் அந்தக் குதிரை சாகவில்லை, கொடுத்த வைத்தியத்தில் செத்தது. இதை நான் அவரிடம் நேரில் சொன்னேன். அன்பாகத்தான் செய்தார், பாவம், ஆனால் சொல்லாமல் இருந்தால் அடுத்த குதிரைக்கும் அதே குழாய்தான்.

தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் உடனே பொறை ஏறி இருமும். எண்ணெய் அந்த அளவுக்கு இருமலைத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். தலையை அண்ணாந்து பிடித்தால் இன்னும் சுலபம். இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாய் அவ்வளவு இறுக்கம். உடம்பு பெரிதென்றாலும் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். இரைப்பையை அடுத்த சிறுகுடலில் அடைத்து நீர் தேங்கி நிற்கும்போது மேலும் ஊற்றினால் இரைப்பையே கிழியலாம். மருத்துவர் குழாய் விடுவது மருந்து கொடுக்க மட்டுமல்ல, தேங்கியதை வெளியே எடுக்கவும்தான்.

"எங்க தாத்தா காலத்திலிருந்து எண்ணெய்தான், ஒண்ணும் ஆகலை" என்று கீழே எழுத வருவீர்கள், தெரியும். நாட்டு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. வெறும் வாயுப் பிடிப்பு வலிகளில் பல எதுவும் கொடுக்காவிட்டாலும் தானாகவே விட்டுவிடும். அந்தப் பெயரை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. எண்ணெய் ஊற்றிச் செத்த குதிரைக்கு மட்டும் "விதி முடிஞ்சிருச்சு" என்கிறோம். மருத்துவர் தம் தொழிலுக்காகப் பேசுகிறார் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தக் குதிரைக்கு அடைப்பு ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பச்சைப் புல் தீர்ந்ததும் ஒரே நாளில் காய்ந்த சோளத்தட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதித்ததால் குடிக்கவில்லை. ஒரு குதிரைக்கு நாளுக்கு 25 லிட்டராவது வேண்டும், கோடையில் 40-க்கு மேலும் போகும். அப்புறம் வாயைத் திறந்து பார்த்தால், மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கத்தி போலக் கூர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது. மென்றால் வலி, அதனால் அரைகுறையாக விழுங்கியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அரம் போட்டுத் தேய்த்துவிட்டிருந்தால் போதும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் குதிரையை வாங்கும்போது நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, முதுகுச் சுழி என்று ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுழி சரியில்லை என்று நல்ல காலும் நல்ல நெஞ்சும் உள்ள குதிரைகள் பாதி விலைக்குக்கூடப் போகாமல் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறக்கிறார்கள், வயது பார்க்க முன்பல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். குளம்பைத் தூக்கிப் பார்ப்பவர் குறைவு. ஈக்கடியால் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோயான சர்ரா காய்ச்சலுக்கு ரத்தம் பரிசோதித்து வாங்குபவர் அதைவிடக் குறைவு. சுழி என்பது மயிர் வளரும் திசை, அவ்வளவுதான். லட்சம் லட்சமாகக் கொடுத்து வாங்கிவிட்டு, பல் தேய்க்க வந்தவரிடம் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். நம்பிக்கை உங்கள் விருப்பம். சுழி பார்க்கும் நேரத்தில் கால்வாசியைப் பல்லுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேள்விக்கு வருகிறேன். என்ன தீனி போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உடல் எடையில் 100-க்கு ஒன்றரைப் பங்காவது காய்ந்த புல்லோ தட்டோ தினமும் உள்ளே போக வேண்டும். கொள்ளும் தவிடும் அதற்கு மேல்தான், அதற்குப் பதிலாக அல்ல. தீனியை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மிஞ்சிய கோழித் தீவனத்தை மறந்தும் போடாதீர்கள். அதில் கலக்கும் மோனென்சின் கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தைக் கொல்லும் விஷம். கடற்கரை மணலில் நிற்கும் குதிரையானால் லத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், அடியில் மணல் தங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். துடிப்பு எத்தனை, ஈறு என்ன நிறம், கடைசியாக எப்போது லத்தி போட்டது என்பதையும் அவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.