சிவந்திருந்தால் புண்ணா?

கேள்வி: எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சுகப்பிரசவம். காபி எஸ்டேட்டில் வேலை. வெள்ளைப்படுதல் அதிகம் என்று சேலத்தில் போய்க் காட்டினேன். கர்ப்பப்பை வாய் சிவந்திருக்கு, புண் என்றார்கள். ஸ்கேனில் நெபோத்தியன் சிஸ்ட் இருப்பதாகவும், கர்ப்பப்பை பின்னால் சாய்ந்திருப்பதாகவும் போட்டிருக்கிறது. பின்னாடி புற்றுநோயாகிவிடும், இப்பவே எடுத்துவிடு என்கிறார் நாத்தனார். எடுத்துத்தான் ஆகணுமா டாக்டர்?
- ஏற்காடு வாசகி

பதில்: இந்த மூன்றுக்காகவும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

புண் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது, டாக்டர்களுக்கும்தான், ஆனால் பெரும்பாலும் அங்கே காயம் எதுவும் இருக்காது. கர்ப்பப்பை வாயின் வெளிப்புறச் செல்கள் பல அடுக்கு, அதனால் வெளிர் ரோஸாகத் தெரியும். உள்பாதையில் இருப்பவை ஒரே அடுக்கு, அடியில் ஓடுகிற ரத்தக்குழாய்கள் தெரிவதால் செக்கச்செவேலென்று இருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தூக்கலாக இருக்கும் வயதில், கர்ப்பகாலத்தில், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது இந்த உள்பக்கச் செல்கள் வெளியே வரும். இதற்குத்தான் எக்ட்ரோபியன் என்று பெயர். அவை சளி சுரப்பவை, அதனால் வெள்ளைப்படுதல் கூடலாம். தொந்தரவில்லை என்றால் சிகிச்சையே வேண்டாம்.

சிஸ்ட் என்றதும் பயந்திருப்பீர்கள். சுரப்பியின் வாய் அடைத்துச் சளி தேங்கின சின்னக் கொப்புளம், பிள்ளை பெற்றவர்களிடம் சர்வசாதாரணம். பின்பக்கச் சாய்வோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு உண்டு, ரிப்போர்ட்டில் எழுதினால்தான் நமக்கே தெரியும்! அப்புறம், சுகப்பிரசவத்துக்கு முன்னால் சின்ன வட்டப் புள்ளியாக இருந்த வாய் பிறகு குறுக்குக் கீறல் போலத் தெரியும், அதையும் யாராவது கிழிசல் என்று சொன்னால் கலங்காதீர்கள்.

ஆனால் ஒன்று, சிவப்பைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது, அதனால் கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், அல்லது புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸைத் தேடும் எச்பிவி பரிசோதனை எடுத்துவிடுங்கள், மாதவிலக்கு நாட்களில் மட்டும் வேண்டாம். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். அங்கே செய்வது வேறொரு எளிய சோதனை: கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது, வலிக்காது, லேசாக எரியலாம், அவ்வளவுதான். வெள்ளைப்படுதலில் நாற்றம், அரிப்பு இருந்தால் தொற்றாக இருக்கும், அதற்குத் தனியாக மருந்து உண்டு. உடலுறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் என்றால் எஸ்டேட் லீவுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

பரிசோதனையில் ஏதாவது வித்தியாசமாக வந்தாலும் அடுத்தது கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது, தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பார்ப்பது, நேராக ஆபரேஷன் தியேட்டர் இல்லை என்று நாத்தனாரிடம் சொல்லுங்கள். அவருக்கும் 30 தாண்டியிருக்கும்தானே, கையோடு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.