சைக்காலஜி படிக்கலாமா? – கடிதம்

வணக்கம் மேடம்,

பிளஸ் டூ முடித்துவிட்டேன். பி.எஸ்சி. சைக்காலஜி சேர ஆசை. எந்தப் பிரச்சினை என்றாலும் தோழிகள் என்னிடம்தான் வந்து அழுவார்கள். நான் பேசினால் மனசு லேசாகிறது என்பார்கள். "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்கிறார் அப்பா. மூன்று வருடம் முடித்ததும் கவுன்சலிங் சென்டர் வைக்கலாமா? எனக்குக் கணக்கு வராது. இதில் கணக்கு இல்லைதானே? நீங்கள் படித்த படிப்பு என்பதால் கேட்கிறேன்.

க., தேனி

அன்புள்ள க.,

கணக்கு உண்டு. சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, டி-டெஸ்ட் என்று புள்ளியியல் கணக்குகள் எல்லாம் வரும். நானும் பயந்துகொண்டுதான் போனேன். நாமே அளந்த எண்களை வைத்துப் போடுவதால் பழகிவிடும்.

சேர்ந்ததும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மனநோய் பற்றிச் சொல்லித்தருவார்கள் என்று போவோம். பொது உளவியல் பாடமோ மூளை, சுரப்பிகள், கண் எப்படிப் பார்க்கிறது, நினைவு எப்படி நிற்கிறது என்று போகும்.

எனக்கு இன்றும் மறக்காதது முல்லர்-லயர் சோதனை. 1889-இல் வந்த, கண்ணை ஏமாற்றும் உருவம் அது. ஒரு பலகையில் இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத் தலை, இன்னொன்றில் வெளியே விரிந்த சிறகு. சிறகுக் கோட்டை இழுத்து, இரண்டும் சமமாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். எதிரே இருந்த தோழி பலகையின் பின்பக்க அளவுகோலைப் பார்த்து மில்லிமீட்டரில் குறித்தாள். சிறகுக் கோட்டைக் குட்டையாக நிறுத்தியிருந்தேன். திரும்பத் திரும்பச் செய்தும் அப்படியேதான். தப்பு என்று தெரிந்த பிறகும் கண் கேட்கவில்லை.

ஒரு தோழி அழும்போது, அவளுக்கு என்ன என்று புரிந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றும் இல்லையா? அந்தத் தோன்றலும் இப்படித்தான். இரண்டாம் ஆண்டில் எங்கள் ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண் எந்நேரமும் சோர்ந்து படுத்தே கிடந்தாள். மனச்சோர்வு என்று நானே முடிவு கட்டி, வாரக்கணக்கில் பேசிப் பேசித் தேற்றினேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். தைராய்டு குறைபாடு. முதல் வருடப் பாடத்திலேயே தைராய்டு வந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது அது என் நினைவுக்கே வரவில்லை. அந்த வாரங்களை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

அதனால் மூன்று வருடம் முடித்த கையோடு சென்டர் வைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) யார் என்று வரையறுத்திருக்கிறது. இளங்கலை மட்டும் அதற்குப் போதாது. இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த தகுதி வேண்டும். முதுகலைக்குப் பின் இரண்டாண்டு முழுநேரப் பயிற்சியோடு எம்.ஃபில். முடிப்பது அதில் ஒரு வழியாக இருந்தது. நீளமான பாதைதான். அழுகிறவர் எதிரே உட்கார அவ்வளவு தேவை என்றே நினைக்கிறேன்.

அப்பா கேட்பதில் தப்பில்லை. இந்தப் பட்டத்தோடு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை), மனிதவளம் என்று போகலாம், பட்டம் கேட்கும் அரசுத் தேர்வுகளையும் எழுதலாம் என்று சொல்லுங்கள். மருந்து எழுதும் மனநல மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டும், அது வேறு பாதை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஃபீஸ் கட்டும் முன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கல்லூரியின் சைக்காலஜி லேபைப் பாருங்கள். மாணவர்களின் ரெகார்டு நோட்டு நாலைந்தை வாங்கி, ஒரே சோதனையின் அட்டவணையைப் புரட்டுங்கள். ஆளுக்கு ஆள் எண்கள் மாறியிருந்தால் தைரியமாகச் சேருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே எண் இருந்தால் அது அளக்காமல் காப்பியடித்தது, வேறு கல்லூரி பார்க்கலாம்.

அன்புடன்.