எலும்பே இல்லாத இடத்தில் எலும்பு: எலும்பு அறுவை மருத்துவரிடம் சில கேள்விகள்

விபத்தில் அண்ணனின் கணைக்கால் எலும்பு 6 சென்டிமீட்டர் போய்விட்டது. தானாக வளர்ந்து மூடாதா?

மூடாது. முறிந்த முனைகள் நெருங்கியிருந்தால்தான் எலும்பு கூடும். கணைக்காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேரே எலும்புதான். அதனால்தான் அங்கே தோல் கிழிந்து துண்டுகள் வெளியேறுகின்றன, சீழும் பிடிக்கிறது. செத்த எலும்பையும் சீழையும் முழுவதும் அகற்றாமல் எந்த முறையைத் தொடங்கினாலும் வீண். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

வளையம் மாட்டி எலும்பை 'நகர்த்துவோம்' என்கிறார்கள். எப்படி?

ரஷ்யாவின் குர்கான் நகரில் மருத்துவர் இலிசரோவ் வளர்த்தெடுத்த முறை அது. காலைச் சுற்றி வெளியே வளையம் இருக்கும்; அதிலிருந்து கம்பிகள் தோல் வழியே நுழைந்து எலும்பைப் பிடித்திருக்கும். நல்ல எலும்பை வேறோர் இடத்தில், மேலுறை சிதையாமல் வெட்டுவோம். ஒரு வாரம் போல் பொறுத்து, வளையத்தின் நட்டைத் திருப்பத் தொடங்குவோம்: நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதுவும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. துண்டு இடைவெளியை நோக்கி நகர, அது விட்டுச்சென்ற இடத்தில் புது எலும்பு ஊறும். முதலில் எக்ஸ்ரேயில் மெல்லிய புகைபோலத்தான் தெரியும், பயப்படாதீர்கள். 6 சென்டிமீட்டர் நகர 60 நாள் போதும். அது இறுகுவதற்குத்தான் காலம் பிடிக்கும். சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு மாதம் வீதம் வளையம் இருக்கும். நட்டைத் திருப்புவது பெரும்பாலும் நோயாளியோ வீட்டாரோதான். அந்தக் கைகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

என் கணவருக்குச் சிமெண்ட் வைத்து மூடியிருக்கிறார்கள். அப்படியே விட்டுவிடுவார்களா?

இல்லை அம்மா. பிரான்ஸின் அறுவை மருத்துவர் மாஸ்கலே கொண்டுவந்த இரண்டு கட்ட முறை அது. எலும்பு போன இடைவெளியில் வைக்கும் அந்த மருத்துவச் சிமெண்டைச் சுற்றி 6 முதல் 8 வாரத்தில் இரத்தநாளங்கள் நிறைந்த ஒரு சவ்வு உருவாகும். பிறகு சிமெண்டை எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள் பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளை நிரப்புவோம்.

சிகரெட்?

இன்றே நிறுத்துங்கள். நிகோட்டின் இரத்தநாளங்களைச் சுருக்கும், எலும்பு ஒன்றுசேர்வது தடைபடும்.

காலை எடுத்துவிடுவதே மேல் என்கிறார்கள் உறவினர்கள்.

சிலருக்கு அது சரியான முடிவு. நல்ல செயற்கைக் காலுடன் விரைவில் நடப்பார்கள். ஆனால் முதல் நாளில் பாதத்தில் உணர்ச்சி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பின்னர் உணர்ச்சி திரும்பியவர்கள் உண்டு. எத்தனை அறுவை, எத்தனை மாதம், முழங்காலும் கணுக்காலும் எவ்வளவு மடங்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நோயாளியே சொல்லட்டும்.

கம்பி நுழையும் இடத்தில் நீர் கசிகிறது.

தெளிந்த நீர் சிறிது கசிவது வழக்கம்தான், சுத்தம் செய்யுங்கள். சிவந்து, வலி கூடி, சீழ் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.