கோவிந்தபூர் காடல்ல

அன்புள்ள ஐயா,

வேலை மாற்றலாகி கொல்கத்தா வந்திருக்கிறேன். போன ஞாயிறு தலைமைத் தபால் நிலையப் படிகளில் பதித்திருக்கும் பித்தளைக் கோடுகளைப் பார்த்தேன். பழைய வில்லியம் கோட்டையின் எல்லை அதுதானாம். 1756-ல் அங்கே இருட்டறையில் 123 பேர் மூச்சுமுட்டிச் செத்தது உண்மையா? எப்படியோ, வெறும் காடாகக் கிடந்த இடத்தில் புதுக் கோட்டையும் கட்டி, இவ்வளவு பெரிய மைதானத்தையும் நமக்கு விட்டுப் போயிருக்கிறான் வெள்ளைக்காரன். நம் ஆட்கள் என்றால் பிளாட் போட்டிருப்பார்கள்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அந்தப் பித்தளைக் கோட்டைத் தேடிப் போய் நின்றீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. 146 பேரை அடைத்து 123 பேர் செத்தார்கள் என்பது உயிர் தப்பிய ஹால்வெல் சொன்ன கணக்கு. அந்தச் சிறிய அறையில் அத்தனை பேர் கொள்ளாது என்று பலர் எழுதியாயிற்று. சிலர் செத்தது உண்மை. அதை விடுங்கள்.

உங்கள் கடைசி வரிகளுக்கு வருகிறேன். ‘வெறும் காடு’ என்று யார் சொன்னது உங்களுக்கு?

பழைய கோட்டை ஏன் விழுந்தது என்று யோசித்தீர்களா? மதிலை ஒட்டியே கிடங்குகள், எதிரிலேயே புனித ஆன் தேவாலயம், சுற்றிலும் கம்பெனிக்காரர்களின் மாடி வீடுகள். வங்காள நவாப் சிராஜ் உத்தௌலாவின் ஆட்கள் அந்த வீடுகளைப் பிடித்து, மேலிருந்தபடியே கோட்டைக்குள் சுட்டார்கள். கவர்னர் டிரேக் கப்பலேறி ஓடினார். ஜூன் 20-ஆம் தேதி கோட்டை விழுந்தது. 1742-ல் மராட்டியருக்குப் பயந்து வெட்டத் தொடங்கிய அகழி பாதியிலேயே நின்று போயிருந்தது. அதுவும் உதவவில்லை.

பிளாசிப் போரில் நவாபை வென்ற பிறகு, 1758-ல், புதுக் கோட்டையைத் தொடங்கும்போது கம்பெனி அந்தப் பாடத்தை மறக்கவில்லை. கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது. அதற்காக அங்கிருந்த கோவிந்தபூர் என்ற ஊரைக் காலி செய்தார்கள். காடும் இருந்தது, சரி. ஆனால் சேட்டு, பசாக் என்ற வங்காள வணிகக் குடும்பங்கள் நூலும் துணியும் விற்று வாழ்ந்த ஊர் அது. தாகூரின் முன்னோர்கூட அங்கே குடியிருந்தவர்கள்தான். ஹூக்ளி ஆற்றங்கரையில் கோட்டை கட்டி முடிக்க 1781 ஆயிற்று. அதன் மதிலிலிருந்து போர் என்று ஒரு குண்டுகூடச் சுட வேண்டி வரவில்லை. நீங்கள் கிரிக்கெட் பார்க்கும் புல்வெளி குண்டு பாய்வதற்காக ஒழித்து வைத்த இடம், செந்தில். யாரும் யாருக்கும் கொடுத்த கொடையல்ல.

என் அம்மாவின் ஊரை ஒரு ஆலைக்காக எடுத்தார்கள். இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் தாத்தா பெயருக்கு முன்னால் அந்த ஊர்ப் பெயரைத்தான் அச்சடிக்கிறோம். அந்த முகவரிக்குக் கடிதம் போட்டால் போய்ச் சேராது. ஆலைக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு பையன் என்னிடமே வந்து, “பொட்டல்காடு சார், இவங்க வந்துதான் ஊராச்சு” என்றான். படித்த பையன். உங்களைப் போலவே நல்லவன். ஆனால் காலி நிலத்தைக் கண்டால் யார் காலி செய்தது என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. உங்களுக்கும் தோன்றவில்லை. படித்தவர்களிடம் இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சென்னையிலும் இதே கதைதான். ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இந்தியர்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தில் கொஞ்சத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள், மீதியை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் நின்ற சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போயிற்று. தேவராஜ முதலி தெருவில் இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டிய கோயில். இதற்குள் வீடு கட்டக்கூடாது என்று 1773-ல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் ஓரத்தில், இன்னும் நிற்கிறது. எத்தனை முறை அதைத் தாண்டி பஸ் பிடித்திருப்பீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். கோவிந்தபூர்க்காரர்களுக்கு மாற்று இடம் கொடுத்தது தால்தலா, குமார்துளி, சோபாபஜார் பக்கம். அடுத்த ஞாயிறு அங்கே போய்ச் சுற்றுங்கள். யாராவது வயதானவர்கள் பேசக் கிடைத்தால், அவர்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.