வாரம் ஒன்றா, தினம் ஒன்றா? கர்ப்பிணிகளின் வைட்டமின் டி சந்தேகங்கள்

வாசகியர் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த முறை வைட்டமின் டி பற்றியவை. பரிசோதனைத் தாளில் வரும் எண்ணைவிட, அதற்காக எழுதித் தரப்படும் மருந்தில்தான் குழப்பம் அதிகம் என்று தெரிகிறது. மகப்பேறு மருத்துவரும் உணவியல் வல்லுநரும் பதில் தருகிறார்கள்.

? எனக்கு 26 வயது, ஐந்தாம் மாதம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவேன். வைட்டமின் டி 11 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டர் 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு எழுதியிருக்கிறார். இவ்வளவு பெரிய டோஸ் குழந்தைக்கு ஆகாது என்கிறார் நாத்தனார். எது சரி? (திருப்பூர் வாசகி)

11 (நானோகிராம்/மி.லி.) என்பது உண்மையிலேயே குறைவுதான். 12-க்குக் கீழே போனால் எலும்பைப் பாதிக்கும் அளவு என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உங்களுக்கு மருந்து தேவை.

ஆனால் எல்லா ரிப்போர்ட்டையும் இப்படிப் பார்க்கக் கூடாது. பல லேப்கள் 30-ஐக் கீழ்வரம்பாக அச்சடிப்பதால் 24, 26 வந்தவர்களும் பதறிப்போய் வருகிறார்கள். 20-க்கு மேல் இருந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். ஹார்மோன் மருத்துவ வல்லுநர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2024-இல் தன் பழைய 20, 30 எல்லைக்கோடுகளையே கைவிட்டது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டியதில்லை என்றும் சொன்னது. அதே அறிக்கை, கர்ப்பிணிகள் தினமும் மிதமான அளவில் வைட்டமின் டி எடுக்கலாம் என்கிறது. 24 வந்தவருக்கு 60,000 பாக்கெட் அவசியமில்லை, தினசரி மாத்திரையே போதும்.

உங்கள் டோஸுக்கு வருவோம். வாரம் 60,000 என்றால் நாளுக்குச் சராசரியாக 8,500 யூனிட்டுக்குச் சற்று மேல். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் ஒருவர் தினமும் எடுக்கக்கூடிய உச்ச அளவு 4,000. அதனால்தான் இது எட்டு வாரத்துக்கு மட்டும், அதுவும் குறைபாடு உறுதியான பிறகு. கர்ப்பகாலத்தில் பெரிய டோஸை விரும்பாத மருத்துவர்கள் தினம் 1,000 முதல் 2,000 யூனிட் தருவார்கள். மெதுவாக ஏறும், பிசகு நடக்க வாய்ப்பும் குறைவு. உங்கள் டாக்டரிடம் இப்படி மாற்றலாமா என்று கேட்பதில் தவறில்லை. அவர் சொன்னபடியே எடுத்தாலும் குழந்தைக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டாம்.

பாக்கெட்டை வெறும் வயிற்றில் எடுக்காதீர்கள். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை டம்ளர் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, டம்ளரில் ஒட்டியிருப்பதையும் கொஞ்சம் பால் ஊற்றிக் குடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் காலண்டரில் எட்டு ஞாயிறையும் இன்றே வட்டமிடுங்கள். ஒரு வாரம் மறந்தால் நினைவு வந்த நாளில் எடுங்கள். இரண்டை ஒன்றாக எடுக்க வேண்டாம்.

கடையில் வாங்கும்போது அட்டையைத் திருப்பி 'கோலிகால்சிஃபெரால்' (வைட்டமின் டி3) என்று இருக்கிறதா பாருங்கள். 'கால்சிட்ரியால்' 0.25 மைக்ரோகிராம் என்று இருந்தால் அது வேறு மருந்து. சிறுநீரகம் தயாரித்து முடித்த வடிவம் அது. அதை எத்தனை நாள் சாப்பிட்டாலும் ரிப்போர்ட்டில் உள்ள 11 ஏறாது, ரத்தத்தில் கால்சியம்தான் ஏறக்கூடும். கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் இது கலந்தே வருகிறது.

மறுபரிசோதனை மூன்று மாதம் கழித்துப் போதும். ரத்தத்தில் இந்த அளவு பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், பதினைந்து நாளில் திரும்ப எடுப்பது காசுக்குக் கேடு. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் சோதனைக்கு முன் லேபில் சொல்லிவிட வேண்டும். சில கருவிகளில் அது வைட்டமின் டி-யை இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

? என் மருமகளுக்கு ஏழாம் மாதம். வாரம் ஒன்று என்று எழுதிய பாக்கெட்டைத் தினம் ஒன்று என்று நினைத்து ஒன்பது நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டேன். நேற்றுத்தான் சீட்டைப் படித்த மகன் சொன்னான். என்ன செய்வது? (திருநெல்வேலி வாசகி)

முதலில், இனி ஒன்றும் கொடுக்க வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள்.

ஒன்பது பாக்கெட் என்றால் 5,40,000 யூனிட். ஒன்பது வாரத்துக்கு உரியது ஒன்பது நாளில் போயிருக்கிறது. கடும் குறைபாட்டுக்கு இந்த மொத்த அளவை ஒரே தடவையில் கொடுத்த காலமும் உண்டு என்பதால், பெரும்பாலும் ஆபத்து வராது. மாதக்கணக்கில் தினமும் எடுத்தவர்களுக்குத்தான் சிறுநீரகம் கெடும் அளவுக்குப் போகிறது. ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது. இன்றோ நாளையோ மருத்துவமனையில் ரத்தக் கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் ஆல்புமின் என்ற புரதம் இறங்குவதால் மொத்தக் கால்சியம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் ஆல்புமினையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள், அல்லது அயனி கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். டி கொழுப்பில் தங்கி மெல்ல வெளியேறும். எனவே முதல் ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கால்சியம் பார்ப்பது நல்லது.

தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், விடாத வாந்தி, மலச்சிக்கல், தெளிவில்லாத பேச்சு, மந்தம் இவற்றில் ஏதாவது வந்தால் நேரம் பார்க்காமல் கூட்டிப் போங்கள். ஏழாம் மாதத்தில் வாந்தியும் மலச்சிக்கலும் சகஜம்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

உங்கள்மேல் மட்டும் தவறில்லை. இரும்பு தினம், கால்சியம் தினம், இது மட்டும் வாரம் என்றால் யாருக்கும் குழம்பும். மருந்துக்கடைக்காரர் பாக்கெட் மேலேயே கிழமையை எழுதிக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும், கேட்டு வாங்குங்கள்.

? லண்டனில் இருக்கிறேன், மூன்றாம் மாதம். என் அளவு 38 என்று வந்தது. ஊரில் இருக்கும் அக்கா, 'முப்பதுக்கு மேல்தானே, நல்லாத்தான் இருக்கு' என்கிறார். இங்கே மிட்வைஃப் (பேறுகால செவிலியர்) குறைவு என்கிறார். (லண்டன் வாசகி)

இருவரும் வேறு வேறு அலகில் பேசுகிறார்கள். பிரிட்டனில் நானோமோல்/லிட்டர், இந்தியாவில் நானோகிராம்/மி.லி. உங்கள் எண்ணை இரண்டரையால் வகுத்தால் 15. மிட்வைஃப் சொல்வதுதான் சரி.

அங்கே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், பரிந்துரைக்கப்படுகிறது. கருமையான சருமம், உடலை மூடிய உடை, அதிக எடை இருப்பவர்களுக்கு 1,000 யூனிட் வரை தருவார்கள், அதைக் கேளுங்கள். அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை அந்த நாட்டு வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்காது. எனவே மாத்திரையை நிறுத்த வேண்டாம். மீன் எண்ணெய் என்று காட் லிவர் ஆயில் மட்டும் வாங்காதீர்கள். அதில் உள்ள வைட்டமின் ஏ கருவுக்கு ஆகாது.

? தினமும் காலை ஏழு மணிக்குப் பால்கனியில் கண்ணாடிக் கதவோரம் அரை மணி நேரம் இளவெயிலில் உட்காருகிறேன். ஆனாலும் டி குறைவு என்கிறார்கள். (மதுரை வாசகி)

நேரமும் தவறு, கண்ணாடியும் தவறு. தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது புற ஊதா பி கதிர். காலை ஏழு மணிக்குச் சூரியன் சாய்வாக இருப்பதால் அந்தக் கதிர் வளிமண்டலத்தைத் தாண்டி அதிகம் வருவதில்லை. வருகிற கொஞ்சத்தையும் ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் பயன். நம் பக்கத்தில் அது ஏறக்குறைய பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை.

மதுரை மே வெயிலில் கர்ப்பிணி நடுப்பகலில் நிற்கவும் கூடாது. பதினொன்றுக்குள் 20 நிமிடம் போதும், வாரம் மூன்று நான்கு நாள். கை, முழங்காலுக்குக் கீழ் வெயில் படட்டும். முகத்தை மூடிக்கொள்ளுங்கள். கர்ப்பகாலத்தில் மங்கு விழுந்திருந்தால் வெயில் அதை இன்னும் கருப்பாக்கும். தலை சுற்றினால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். வெயிலை மட்டும் நம்பி 10-ஐ 25 ஆக்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள், மாத்திரையும் வேண்டும்.

? ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையிலேயே டி இருக்கிறதாமே? பிறகு தனியாக எதற்கு? அதை எப்போது சாப்பிடுவது? (விழுப்புரம் வாசகி)

இருக்கிறது. ஒரு மாத்திரையில் 500 மி.கி. கால்சியமும் 250 யூனிட் டி-யும். நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு இரண்டு எடுத்தால் 500 யூனிட் கிடைக்கிறது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் தினத் தேவை 600. குறைபாடு இல்லாதவருக்கு இதுவும் சாப்பாடும் வெயிலும் சேர்ந்து போதும். குறைபாடு உறுதியானவருக்குப் போதாது.

இரண்டு கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் போடாதீர்கள். ஒரே தடவையில் 500 மி.கி.க்கு மேல் கால்சியம் போனால் குடல் முழுவதையும் எடுத்துக்கொள்ளாது. காலை சாப்பிட்டதும் ஒன்று, இரவு சாப்பிட்டதும் ஒன்று. இரும்புச் சத்து மாத்திரை மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறோடு. கால்சியமும் இரும்பும் சேர்ந்து போனால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் கால்சியமும் இரும்பும் தொடக்கூடாது. காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை என்றால் கால்சியம் பத்துக்குத்தான். இந்த ஒன்றைச் சரிசெய்ததும், தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு இறங்கிவிடுவதுண்டு.

? சைவம் சாப்பிடுகிறோம். உணவிலேயே சரிசெய்ய முடியாதா? (கும்பகோணம் வாசகி)

முடியாது என்று சொல்வதே நேர்மை. '+எஃப்' முத்திரை உள்ள செறிவூட்டிய பால் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட்தான். ஒரு டம்ளரில் 40, 60. அதே முத்திரையுள்ள எண்ணெய் நாளுக்கு 20 கிராம் சமையலில் சேர்ந்தால் நூறு யூனிட் அளவில் கிடைக்கும். இரண்டையும் வாங்குங்கள், நல்லது. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மத்தி, அயிலை உதவும். முட்டை மஞ்சள் கருவில் 40 யூனிட் அளவுதான்.

? டி குறைந்தால் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வரும், குழந்தை எடை குறையும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? (சேலம் வாசகி)

டி குறைவான பெண்களிடம் இவை சற்று அதிகம் காணப்படுவது உண்மை. டி கொடுத்தால் இவை தடுக்கப்படுமா என்பது வேறு கேள்வி, அதற்கு உறுதியான விடை இல்லை. டாக்காவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் நடுவிலிருந்து வாரம் 28,000 யூனிட் வரை கொடுத்தும் ஒரு வயதில் குழந்தைகளின் நீளத்தில் மாற்றமில்லை. உலக சுகாதார நிறுவனமும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் டி மாத்திரை என்று பரிந்துரைக்கவில்லை.

உறுதியாகத் தெரிந்தது எலும்பும் கால்சியமும். கடும் குறைபாட்டில் இடுப்பெலும்பு, தொடை வலிக்கும். தரையிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருக்கும், படியேற முடியாது. இதைக் கர்ப்ப வலி என்று ஒதுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமஸெபின் எடுப்பவர்களும் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களும் டி அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த மருந்துகள் டி-யை வேகமாகச் சிதைக்கும். காசநோய் இருப்பவர் தானாகப் பெரிய டோஸ் எடுக்கக்கூடாது, கால்சியம் எகிறும்.

? பிரசவத்துக்குப் பிறகு குழந்தைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா? தாய்ப்பாலில் எல்லாம் இருக்கும் என்கிறார் மாமியார். (தஞ்சாவூர் வாசகி)

தாய்ப்பாலில் ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது, வைட்டமின் டி மட்டும் மிகக் குறைவு. குழந்தை பிறக்கும்போது கொண்டுவரும் இருப்பும் தாயின் அளவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து. குறைமாதக் குழந்தைக்கு அளவை டாக்டர் சொல்வார்.

பாட்டிலில் ஒரு மி.லி.க்கு 400 என்றும் வரும், 800 என்றும் வரும். முதலாவதில் ஒரு மி.லி., இரண்டாவதில் அரை மி.லி. வெளிநாட்டிலிருந்து வரும் சிலவற்றில் ஒரே ஒரு சொட்டில் 400 இருக்கும். பாட்டில் மாறினால் அளவும் மாறும், பழைய பாட்டிலின் டிராப்பரைப் புதியதில் போடாதீர்கள். தாய்க்குக் கடும் குறைபாடு இருந்து, பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ குழந்தைக்குக் கை கால் வெட்டி இழுத்தால் அது கால்சியம் குறைந்த வலிப்பாக இருக்கலாம். உடனே குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போய், கர்ப்பகால வைட்டமின் டி ரிப்போர்ட்டையும் காட்டுங்கள்.