கத்துகிற இடத்தில் முட்டை இருக்காது

கேள்வி: வள்ளியூர் பக்கம் பொட்டலில் வீட்டு மனை வாங்கியிருக்கிறேன். கல் ஊன்றப் போனால் ஒரு ஜோடி ஆக்காட்டி தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து கத்துகின்றன. அவை கத்துகிற இடத்தில் தேடினால் முட்டையைக் காணோம். ஆனால் எருமை மேய்ந்துகொண்டு வந்தால் மட்டும், பறக்காமல் தரையிலேயே சிறகை விரித்து நிற்கிறது. எருமை என்றால் பயம் இல்லையா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: அண்ணாச்சி, அது கத்துகிற இடத்தில் தேடினீர்கள் பாருங்கள், அதைத்தான் அதுவும் எதிர்பார்த்தது! நீங்கள் தூரத்தில் வரும்போதே காவல் நிற்கும் துணை குரல் கொடுத்துவிடும். அடைகாக்கும் பறவை சத்தம் காட்டாமல் எழுந்து, குனிந்தபடி நடந்து, தள்ளிப் போன பிறகுதான் வாயைத் திறக்கும். தலையைத் தட்டுகிற மாதிரி வந்தாலும் கடைசி நொடியில் மேலே ஏறிவிடும்.

எருமை சங்கதி வேறு. அது முட்டை தின்னாது, மிதித்துவிடும், அவ்வளவுதான். அதனிடம் போய் ஏமாற்று வேலை எதற்கு? முகத்துக்கு நேரே சிறகை விரித்துக் கத்தினால் மாடு ஒதுங்கிப் போய்விடும். நாயிடம் இப்படி நிற்க முடியுமா?

நாயை ஏமாற்றி இழுத்துப் போவதில் கெட்டிக்காரன் பட்டாணி உப்புக்கொத்தி என்கிற சின்னப் பறவை. சின்ன வயதில், வற்றிய குளத்துக்குள் ஒன்று ஒரு பக்கச் சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு தத்தியது. ஒடிந்துவிட்டது என்று துண்டை விரித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒரு பாக தூரத்தில் விழும், மறுபடி தத்தும். மடைப் பக்கம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ஜம்மென்று பறந்தது. ஆச்சி அன்று சாயங்காலம் வரை சிரித்தாள்.

சரி, உங்கள் மனைக்கு வருவோம். ஆக்காட்டிக்குக் கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. லேசான பள்ளம், சுற்றிலும் பொடிக்கல், ஆட்டுப் புழுக்கை. நடுவில் பெரும்பாலும் நாலு முட்டை, கூர் முனை உள்ளே பார்க்க, பம்பரம் அடுக்கின மாதிரி. மண் நிறத்தில் கருந்திட்டு என்பதால் கண் முன்னால் இருந்தாலும் தெரியாது. ஆகவே காலைப் பார்த்து வையுங்கள். அதைவிட முக்கியம், உச்சி வெயிலில் அங்கே நிற்காதீர்கள். அந்நேரம் தாய் உட்கார்ந்திருப்பது முட்டைக்கு நிழல் கொடுக்கத்தான். வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தும் குளிர வைக்கும். நீங்கள் அரை மணி நேரம் நின்று அளந்தால் முட்டை வெந்துவிடும்.

பொரிக்க நாலு வாரம் ஆகும். குஞ்சு அதிக நேரம் கூட்டில் தங்காது, உலர்ந்ததும் ஓட ஆரம்பித்துவிடும். தாய் எச்சரித்தால் அப்படியே தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதுவரை கல் ஊன்றுவதைத் தள்ளிப் போடுங்கள். அப்புறம், அடையாளத்துக்கு என்று குச்சி நட்டுத் துணி கட்டிவிடாதீர்கள். காக்கா வந்து அதில்தான் உட்காரும்.